மீனில்லாப் பந்தி

“கோழியா?”

நாடாளுமன்ற உறுப்பினர் எருவேரா, தம் தட்டைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“கோழிதான். நல்லா வெந்திருக்கு, சாப்பிடுங்க” என்றார் பக்கத்தில் அமர்ந்திருந்த குழுத் தலைவி ரோவெனா அம்மையார்.

“உங்களுக்குத் தெரியாதும்மா. இது சாப்பாடு இல்ல, அவமானம்.”

நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மீன்பிடி உரிமையை ஆராயும் நாடாளுமன்றக் குழு அன்று வைதோரா என்னும் கடலோர ஊருக்கு வந்திருந்தது. ஆய்வைத் தொடர அரசிடம் நிதி கேட்பதா, இத்துடன் மூட்டை கட்டுவதா என்று மாலைக்குள் தீர்மானித்தாக வேண்டும். உறுப்பினர்கள் சரிபாதியாகப் பிரிந்து நின்றார்கள். எஞ்சியது எருவேராவின் வாக்கு ஒன்றே. குழுவில் அவர் ஒருவர்தாம் மாவோரி. இன்று நிதி இல்லையென்றால், கரையோர ஊர்கள் அனைத்தும் இன்னொரு தலைமுறை காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

ஆனால், தட்டில் கோழி.

மாவோரி ஊர் ஒவ்வொன்றுக்கும், விருந்தில் பரிமாறும் ஏதாவது ஓர் உணவால் பெயர் உண்டு. வைதோரா என்றால் சிப்பி. வந்தவர் தட்டில் அதை வைக்காத ஊர், வந்தவரை மதிக்காத ஊர் என்றே பொருள். அதைவிடவும் எருவேராவைச் சுட்டது, வரும் வழியில் பேருந்தின் ஜன்னலில் கண்ட காட்சி. நீர் வற்றிய பாறைகளில் சிப்பி கறுப்பாய் அப்பிக் கிடந்தது.

“இல்லாதவங்க வைக்கலேன்னா குத்தமில்லம்மா. கடல் நிறைய வெச்சுக்கிட்டு, கடையில போய் கோழி வாங்கியிருக்காங்க. நல்ல சரக்கெல்லாம் சந்தைக்குப் போகுது போல. இவங்களுக்காக நான் கஜானாவுல கை நீட்டணுமா?”

“அப்போ உங்க ஓட்டு?”

“வேண்டாம்னுதான் போடப் போறேன்.”

“அதை எங்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போடுங்க தம்பி” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பொரித்த ரொட்டித் தட்டுடன் மெரேயானா நின்றிருந்தார். ஊர் மன்றத்தின் தலைவி. அன்று பந்தி பரிமாறியவரும் அவரே.

எருவேராவின் முகம் சிவந்தது. ஆயினும் அவர் விடவில்லை.

“சொல்றேன் அக்கா. சிப்பிக்குப் பேர் போன ஊர்ல எனக்குக் கோழிக்காலா?”

“ஏன், கால் சின்னதா இருக்கா? பெரிசா ஒண்ணு பாத்து வெக்கட்டுமா?”

ரோவெனா அம்மையார் சிரிப்பை மறைக்க வாயைத் துடைத்துக்கொண்டார்.

“விளையாட்டு வேண்டாம் அக்கா.”

மெரேயானா தட்டைக் கீழே வைத்தார்.

“காலையில உங்களை வரவேத்தப்போ எங்க பெரியவர் கடலைப் பாத்து அழுதாரே, கேட்டீங்களா?”

“வரவேற்புல செத்தவங்களை நெனச்சு அழுறது வழக்கம்தானே?”

“வழக்கம்தான். ஆனா அதோட ஒரு சேதியும் சொன்னார். நீங்க போனைப் பாத்துக்கிட்டிருந்தீங்க. கடல் மூடியிருக்கு தம்பி.”

எருவேரா கடல் பக்கம் திரும்பினார். நகரத்தில் வளர்ந்தவராயினும் அச்சொல்லின் பொருள் அறியாதவர் அல்லர். ஒரு நீரில் உயிர் போனால், பெரியவர் ‘ராஹுயி’ என்று சொல்லி அந்த நீரை விலக்கி வைப்பார். அவரே மீண்டும் திறக்கும் வரை அங்கே ஒரு சிப்பியும் பெயர்க்கப்படாது. காவலும் இல்லை, தண்டனையும் இல்லை, மீறுவாரும் இல்லை.

“எங்களுக்குப் புரியற மாதிரி எடுத்துச் சொல்லியிருக்கலாமே அக்கா?”

“எதுக்கு? செத்தவரைக் காட்டி ஓட்டுக் கேக்கவா?”

“நாலு சிப்பி எடுத்திருந்தா யாருக்குத் தெரியப் போகுது?” என்று ரோவெனா அம்மையார் வெள்ளை மனத்துடன் கேட்டார்.

“எங்களுக்குத் தெரியுமேம்மா.”

எருவேரா தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். தங்கள் வாழ்வே ஒருவர் கையில் தொங்கும் நாளில், அவர் முன்னாலேயே தங்கள் பெயரைக் கெடுத்துக்கொண்டு கடலுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருக்கிறார்கள் இந்த ஊர்க்காரர்கள். அந்தக் குலத்தில் தாமும் ஒருவர். அவ்வெண்ணம் அவரை நிமிர்ந்து உட்கார வைத்தது.

“அம்மா, நிதி கேட்டு எழுதுங்க. என் ஓட்டு அதுக்குத்தான்.”

“இப்பதானே வேண்டாம்னீங்க?”

“அது கோழி பேசினது.”

பேருந்து புறப்படும் வேளையில் அவர் மெரேயானாவைத் தேடிச் சென்றார்.

“துக்க வீடு எதுன்னு காட்டுங்க அக்கா. ஆறுதல் சொல்லாமப் போனா மனசு கேக்காது.”

“இங்க இல்ல தம்பி, டவுன்ல. நாங்கதான் தினமும் சோறு கொண்டு போறோம்.”

“டவுன்லயா? அப்போ உங்க சொந்தக்காரர் இல்லையா?”

“நம்ம ஜனமே இல்ல. லீவு நாள்ல தனியா படகு எடுத்துக்கிட்டு வந்தவர், அலை கவுத்திருச்சு.”

“வெளியாளுக்காகவா கடலை மூடினீங்க? யாரு அவர்?”

“மீன்வளத் துறை அதிகாரி. சிப்பி அதிகமா எடுத்தான்னு போன வருஷம் என் பையனைக் கோர்ட்டுக்கு இழுத்தவர். கடல் எங்களுதுன்னு உரிமை கேக்கறோம் தம்பி. அதுல உயிர் போனவரை மட்டும் யாரோன்னு சொல்ல முடியுமா?”