மாதுளைத் தோல்

கொன்றுவிடலாம் போல இருந்தது அவளுக்கு.

கட்டிலில் கிடக்கும் அண்ணனையா, அந்த நிருபரையா என்பதுதான் தெரியவில்லை.

காலையில் அண்ணன் ரத்தமாக வாந்தி எடுத்திருக்கிறான். செய்தி கேட்டு ஹாஸ்டலில் இருந்து ஓடி வந்திருந்தாள். இப்போது ஒரு பாட்டில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. உதடு இன்னும் வெளுத்துத்தான் கிடந்தது.

வயிற்றுப்புண் கிருமி. டாக்டர் எழுதிக்கொடுத்தது பதினாலு நாள் மாத்திரை. ஐந்தாவது நாளோடு நிறுத்திவிட்டான். அப்புறம் முழுக்க மாதுளைத் தோல் கஷாயம். ஜூஸ் கடை ஜூஸ் கடையாகப் போய்த் தோலைக் கேட்டு வாங்கி, மொட்டை மாடியில் காயவைத்து, இடித்து.

எவன் சொன்னான் என்று கத்தினாள்.

“நீதான பாப்பா சொன்ன. பேப்பர்ல போட்டிருந்துச்சே.”

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். மடித்து மடித்து நடுவில் கிழிந்திருந்தது. வயிற்றுக் கிருமியை விரட்டும் மாதுளைத் தோல். நம் ஊர் ஆராய்ச்சி மாணவி சாதனை. பக்கத்துக் கட்டில்காரரிடம் ஏற்கெனவே காட்டிவிட்டானாம், என் தங்கச்சி என்று.

பெருமையாம், பெருமை!

இப்போதுதான் வரி வரியாகப் படித்தாள்.

மூன்று வருஷம். ஆய்வகத் தட்டில் மாத்திரை மருந்தை மட்டும் வைத்தால், மருந்துக்குப் பழகிப்போன கிருமி ரகம் அதைச் சட்டை செய்யாமல் வளர்ந்தது. தோலின் சாற்றை மட்டும் வைத்தாலும் வளர்ந்தது. இரண்டையும் சேர்த்து வைத்த அன்றுதான் செத்தது.

சேர்த்து.

அவள் கண்டுபிடித்ததே அந்த ஒரு வார்த்தைதான். அது செய்தியில் எங்கேயும் இல்லை.

நிருபரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மாத்திரையோடு சேர்த்தால்தான் வேலை செய்யும், அதுவும் இன்னும் தட்டில்தான், மனுஷ வயிற்றில் இல்லை என்று. மண்டையை மண்டையை ஆட்டிக்கொண்டு எழுதினான். ஒரு வரி கூடப் போட்டால் குடியா முழுகிவிடும்? படித்தவன்தானே?

கட்டில் பக்கத்திலேயே நின்று அவனுக்குப் போன் போட்டாள். அண்ணனும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை அழுத்தினாள்.

மணி போய்க்கொண்டிருந்தது.

என்னென்ன பேசினோம் என்று பார்த்துவைத்துக்கொள்ள, வாட்ஸாப்பைத் திறந்து மேலே தள்ளினாள். ஆள் தப்பிக்கக் கூடாது.

இருந்தது. அச்சுக்குப் போவதற்கு முதல் நாள் அவன் அனுப்பியது. இதே செய்தி, ஒரு வரி மாறாமல். அடியில் கேட்டிருந்தான்: சரியா இருக்கா மேடம்? ஏதாவது மாத்தணுமா?

அவள் பதில் இரண்டே நிமிடத்தில் போயிருந்தது.

சூப்பர் சார். போட்டோ மட்டும் வேற போடுங்க. இதுல குண்டா தெரியறேன்.

“சொல்லுங்க மேடம்” என்றது போன்.

அண்ணன் தலையைத் தூக்கி, காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான்.