மூன்றாவது போன்

"எங்க வைஃபைல தினமும் ஒருத்தன் சொல்லாமக் கொள்ளாம நுழையுறான் தம்பி. இன்னிக்கே அவனைத் தடுத்தாகணும்," என்றார் வீட்டுக்காரர். நெட்காரர் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

வாரத்துக்கு நாலு வீட்டிலாவது இதே புகார்தான். பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர் மாட்டுவார். அதோடு ரெண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோகும். மனசுக்குள் சிரித்துக்கொண்டே லேப்டாப்பைத் திறந்து, ரவுட்டரில் இதுவரை சேர்ந்த கருவிகளின் பட்டியலைப் பார்த்தார் நெட்காரர்.

வீட்டில் இருப்பது கணவனும் மனைவியும் மட்டும். அவர்கள் போன் ரெண்டு, ஒரு டிவி, அதற்குக் கீழே மூன்றாவதாக ஒரு போன்.

"தினமும் சாயங்காலம் ஆறு பத்துக்கு டாண்ணு ஒட்டிக்குது சார். பத்தே நிமிஷம், அப்புறம் போயிடுது. சிக்னலும் ரொம்பக் கம்மி. கேட்டுக்கு வெளிய நிக்கிற ஆளுதான். பாஸ்வேர்டை மாத்திடுவோமா?"

சமையலறை வாசலில் நின்றிருந்த வீட்டுக்காரரின் மனைவி பதறிக்கொண்டு வந்தார். "ஐயோ, மாத்தாதீங்க! வர்றது வந்துட்டுப் போகட்டும். நம்ம நெட்டு என்ன தேஞ்சா போயிடும்?"

"நீ சும்மா இரு," என்று அதட்டினார் வீட்டுக்காரர். "பாஸ்வேர்டு அப்படியே இருக்கட்டும் தம்பி. அந்த ஒரு போனை மட்டும் தடுங்க."

"அதுவும் செய்யலாம் சார். ஒவ்வொரு போனுக்கும் மேக் அட்ரஸ்னு ஒரு அடையாள எண் இருக்கு. அதைத் தடை லிஸ்ட்ல போட்டுட்டா, பாஸ்வேர்டு சரியா இருந்தாலும் ரவுட்டர் உள்ள விடாது."

"தடுத்தது அவனுக்குத் தெரியுமா?"

"நல்லாவே தெரியும். சிக்னல் காட்டும், ஆனா கனெக்ட் ஆகாது."

"தெரியணும். அதான் எனக்கு வேணும்."

பத்து நிமிஷ நெட்டுக்கு இவ்வளவு வன்மமா என்று நெட்காரருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. சொன்னதைச் செய்வதுதானே வேலை, செய்து முடித்தார். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது மணி ஆறு அடித்து ஐந்து நிமிஷம். வீட்டுக்காரர் கேட்டின் ரெண்டு கதவையும் விரியத் திறந்து, காற்றில் மூடிக்கொள்ளாமல் செங்கல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், நெட்டைப் பூட்டிட்டு கேட்டைத் திறந்து வைக்கிறீங்க?" என்று கிண்டலாகக் கேட்டார் நெட்காரர்.

அவர் ஒரு நாற்காலியை இழுத்துத் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"என் பையன் தம்பி அது. 'இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே'ன்னு ரெண்டு வருஷம் முன்னாடி நான்தான் விரட்டினேன். தினமும் எதிர்ல வந்து நிக்கிறான், தாண்டி வர மாட்டேங்கிறான். கூப்பிட எனக்கும் வாய் வரல."

தெருமுனையில் யாரோ வருவது தெரிந்தது. அவர் எழுந்து நின்றார்.

"நெட்டு வரலைன்னா, சண்டை போடவாவது உள்ள வருவான்ல?"