ஆறு வருஷத்தில் முதல் தடவை

“மிதிங்க, மிதிங்க! நாலு மணிக்குமேல அந்த ஆள் நிக்கமாட்டார்!” என்று மனைவி வாசுகி விரட்ட, தனபாலன் கண்ணை மூடாத குறையாக ஆக்ஸிலரேட்டரை அழுத்தினான். முதுகுக்குப் பின்னால் எஞ்சின் உறுமியது. பழசாக வாங்கிய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார். ஒரு கண்ணாடி உடைந்தால்கூட வேறு கண்ணாடி கப்பலில்தான் வர வேண்டும் என்ற பயத்தில், ஆறு வருஷமாக அதை முப்பதைத் தாண்ட விட்டதில்லை. “ஓட்டாத வண்டி எதுக்கு? வித்துத் தொலைங்க” என்று அவள்தான் வாங்க ஆள் பிடித்திருந்தாள். கடைசியாக ஒருமுறை துடைக்கிறேன் என்று இவன்தான் தாமதமாக்கியிருந்தான்.

பைபாஸில் புளியமரங்கள் பறந்தன. அழுகை வர வேண்டிய நேரத்தில் தனபாலனுக்குச் சிரிப்பு வந்தது.

வேகத்தடை வந்ததும் வழக்கம்போல வாசுகி இறங்கினாள். அவள் இறங்கினால்தான் வண்டியின் வயிறு தட்டாது. கார் தவழ்ந்து தாண்டியது. மறுபடி ஏறியவள், “திருப்புங்க. வீட்டுக்குப் போலாம்” என்றாள்.

“அந்த ஆள் காத்திருப்பாரே?”

“மாட்டார். விக்கலைன்னு காலையிலேயே போன் பண்ணிட்டேன்.”

“அடிப்பாவி! அப்புறம் எதுக்கு என்னை இந்த விரட்டு விரட்டினே?”

“விக்கப்போற வண்டின்னாத்தானே நீங்க இப்படி ஓட்டுவீங்க?”