இரண்டாவது லைனின் விளக்கு

அன்று காலை பதினொரு மணிக்கு எங்கள் லாரி அலுவலகத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: அப்பா, நான், தங்கை, புக்கிங் குமாஸ்தா. கிளை அலுவலகத்திலிருந்து சித்தப்பா தொலைபேசியில் இருந்தார்.

நேரில் பார்த்ததாக இன்று சொல்லும் மற்ற அனைவரும் பிறகு வந்து கேட்டுக்கொண்டவர்கள்.

மேசைத் தொலைபேசிகள் இரண்டு. ஒன்று முன்னறையில் தங்கையிடம், மற்றொன்று கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே அப்பாவிடம். நான்கு லைன்களுக்கு நான்கு பொத்தான்கள். ஒவ்வொரு பொத்தானுக்குள்ளும் ஒரு சின்ன விளக்கு. யாராவது பேசிக்கொண்டிருந்தால் விளக்கு நிலையாக எரியும். ஆளைக் காத்திருக்க வைத்திருந்தால் சிமிட்டும். காத்திருக்க வைப்பதற்கு ஒரு சிவப்புப் பொத்தான். இரண்டு லைன்களை ஒன்றாகச் சேர்க்க இன்னொன்று.

அவற்றை அழுத்தும்போது எழும் 'டொக்' என்ற கனமான சத்தம் இப்போதைய எந்தக் கருவியிலும் இல்லை.

தங்கை பார்க்காமலே அழுத்துவாள். ஒரு கை சரக்குச் சீட்டு எழுதும். மறு கை நான்கு ஊர்க்காரர்களை வரிசையில் நிறுத்தும். "லைன்லயே இருங்கண்ணே, இதோ குடுக்கறேன்" என்பாள். சண்டைக்கு வந்த வியாபாரியும் இருப்பார்.

அப்பாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். தாமதமாக வரும் லாரிக்காரர்களை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டுவார். அது வாடிக்கையாளர் காதில் விழாமல் இருக்கத் தங்கை ஒரு வழக்கம் வைத்திருந்தாள். வெளி ஆளை அப்பாவோடு இணைப்பதற்கு முன், பேனாவால் கண்ணாடித் தடுப்பில் இரண்டு முறை தட்டுவாள். அப்பா பாதி வசவை அப்படியே விழுங்கிவிட்டு, "சொல்லுங்கய்யா" என்று தேனாகக் குழைவார். குமாஸ்தா பேரேட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்பார்.

அந்த மாதம் தங்கைக்குச் சம்பந்தம் பேசி வாக்குக் கொடுத்திருந்தோம். கொடுத்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பினார்கள். கல்யாணம் முடிந்ததும் பெண் எந்த அலுவலகப் படியும் ஏறக்கூடாது. தொலைபேசியில் கண்ட ஆண்களோடு பேசுவது அவர்கள் வீட்டில் வழக்கம் இல்லையாம்.

"எனக்கு வேண்டாம்ப்பா" என்று தங்கை ஒரே ஒரு முறை சொன்னாள்.

"குடுத்த வாக்கை நம்ம வீட்ல யாரும் திருப்பி வாங்கினதில்லம்மா" என்றார் அப்பா. உண்மை. தாத்தாவும் வாங்கியதில்லை. நானும் அப்பா பக்கம்தான் பேசினேன்.

அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அன்று அப்பா முதல் லைனில் சித்தப்பாவிடம் மனதைக் கொட்டிக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

"பெருங்காயம் தீர்ந்துபோன டப்பாடா அந்தக் குடும்பம். வாசனைதான் மிச்சம். மாப்பிள்ளைக்குத் தும்மல் வந்தாக்கூட அப்பன் மூஞ்சியைப் பாத்துட்டுத்தான் தும்மறான். என்ன பண்ண, வாக்கு குடுத்தாச்சு. கசந்தாலும் முழுங்கித்தான் ஆகணும்."

சித்தப்பாவின் சிரிப்பு எனக்கே கேட்டது. அதைத் தொடர்ந்து, மாப்பிள்ளையின் அப்பாவுடைய குரலும் கேட்டது.

"கஷ்டப்பட்டு முழுங்க வேண்டாங்க, சம்பந்தி. துப்பிடுங்க."

இரண்டாவது லைனின் விளக்கு அணைந்தது.

அப்பா எழுந்து முன்னறைக்குப் போனார். தங்கை எழுந்து நின்றாள்.

"விரல் தவறிடுச்சுப்பா."

அப்பா வெகுநேரம் அந்தப் பொத்தான்களையே பார்த்துக்கொண்டு நின்றார். "உன் விரல் ஒரு தரம்தான் தவறிச்சு. என் வாய் தினம் தவறுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மாலைக்குள் சம்பந்தம் வேண்டாம் என்று ஆள் அனுப்பிச் சொன்னார்கள். முறித்தவர்கள் அவர்கள். எங்கள் வீட்டார் வாக்கு மாறவில்லை. இதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன்.

அப்பாவுக்குப் பிறகு கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே தங்கைதான் உட்கார்ந்தாள். எல்லாம் சேர்த்து முப்பத்தோரு வருடம். போன மாதம் அந்தத் தொலைபேசிகளைக் கழற்றினார்கள். அப்பாவுடையது இப்போது என் அலமாரியில் இருக்கிறது. வீட்டில் யாரும் இல்லாதபோது முதல் பொத்தானை ஒரு முறை அழுத்திப் பார்ப்பேன். டொக்.

உறவுக்காரர்கள் கூடும் இடங்களில் இன்றும் அவளுக்கு 'விரல் தவறிய அத்தை' என்றுதான் பெயர். அவளும் கூடச் சேர்ந்து சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதனால்தான் மூத்தவன் என்ற முறையில் இதை எழுதி வைக்கிறேன்.

அன்று இரண்டாவது விளக்கு நான்கு நிமிடம் சிமிட்டிக்கொண்டிருந்தது. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து பேசியதால் அதைக் கவனிக்கவில்லை. சிமிட்டல் நின்று விளக்கு நிலையாக எரிந்தபோது, நான் கண்ணாடி வழியே முன்னறையைப் பார்த்தேன்.

தங்கை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா அவள் கையில் இருந்தது. தட்டவில்லை.

நான் சுவரில் இருந்த நாட்காட்டியில் தேதி பார்த்தேன்.

விரல் தவறியது என்பது பொய். முப்பத்தோரு வருடத்தில் என் தங்கையின் விரல் ஒரு முறைகூடத் தவறியதில்லை.