வரப்பிலிருந்து அளந்தவள்

பேனா தோலில் வழுக்கியது.

குளித்த ஈரம் இன்னும் காயவில்லை. துண்டால் ஒற்றிவிட்டு மறுபடி வைத்தாள். முழங்காலுக்குக் கீழே, தோசைக் கரண்டி அகலத்தில், சிவந்து தடித்த ஒரு வட்டம். நடுவில் தோல் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தது. வம்பெல்லாம் ஓரத்தில்.

அந்த ஓரத்தை ஒட்டித் தினமும் ஒரு கோடு. எட்டு வாரமாக.

முதலில் படர்தாமரை என்று நினைத்து, மருந்துக்கடைக்காரர் கொடுத்த களிம்பை ஆறு மாதம் அப்பினாள். களிம்பு தீர்ந்தது. வட்டம் தீரவில்லை.

மதுரை டாக்டர்தான் தோலில் துளி எடுத்துச் சோதித்து, வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொன்னார். அபூர்வமாம். யாருக்கும் ஒட்டாதாம். உடம்பு தன் தோலிடமே கோபித்துக்கொள்கிறதாம்.

ஏன் என்று கேட்டாள்.

தெரியாது என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவளுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

இரண்டு மாதம் பார்ப்போம். பரவினால் வீரியமான மாத்திரை. அதை நிறுத்தும்வரை குழந்தையைப் பற்றி யோசிக்கக் கூடாது.

கல்யாணமாகி ஐந்து வருஷம். அவள் வேறு எதைப் பற்றி யோசிக்கிறாள்?

நாளை மதுரை. கோடும் ஓரமும் இன்றும் இம்மி பிசகாமல் ஒட்டி நின்றன. பரவவில்லை. சந்தோஷமாகப் பேனாவை மூடப் போனாள்.

அப்போதுதான் உறைத்தது.

குளிக்கக் குளிக்கக் கோடு அழிகிறது. அழிந்த கோட்டை எதை வைத்துப் போடுகிறாள்? அன்றைய ஓரத்தை வைத்து. பிறகு எப்படி விலகும்?

பதினோரு வருஷமாக அவள் தாலுகா ஆபீஸ் சர்வேயர். எல்லைக் கல்லை விட்டுவிட்டு வரப்பிலிருந்து அளந்தவர்களை வெயிலில் நிற்க வைத்துக் காய்ச்சியிருக்கிறாள். வரப்பு நகரும், கல்தான் நகராது என்று. சொந்தக் காலில் வரப்பிலிருந்து அளந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

வட்டத்துக்கு மேலே ஒரு மச்சம்.

பிறந்ததிலிருந்து அதே இடம்.

முதல் நாள் எடுத்த படத்தைப் போனில் தேடினாள். தொழில் புத்தி, அன்றே காலோடு ஸ்கேலை வைத்து எடுத்திருந்தாள். பெரிதாக்கி எண்ணினாள். மச்சத்திலிருந்து ஓரத்துக்கு முப்பத்தொரு மில்லிமீட்டர்.

இன்று அதற்குக் குறைந்தால் வட்டம் ஏறி வருகிறது.

ஸ்கேலை வைத்தாள். குனிந்து பார்த்தாள். சட்டென்று எடுத்துவிட்டாள். ஆசைப்படுகிறவள் கண்ணை எந்த சர்வேயரும் நம்பமாட்டார்.

ஷர்ட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவனைக் கூப்பிட்டாள். படத்தைக் காட்டவில்லை. எண்ணையும் சொல்லவில்லை. ஸ்கேலை மட்டும் கையில் கொடுத்து, மச்சத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“என்ன மேடம், பட்டா மாறுதலா?” என்றபடி எட்வின் தரையில் உட்கார்ந்தான்.

அவள் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்திக்கொண்டான். ஜன்னல் வெளிச்சம் விழும்படி அவள் காலைத் திருப்பி வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிதானமாகப் படித்தான்.

“முப்பத்திநாலு.”

அவள் போனிலிருந்த படத்தை இன்னொரு முறை பார்த்தாள்.

“நல்ல நம்பரா, கெட்டதா?”

“இன்னொரு தடவ சொல்லுங்க.”

சொன்னான்.

அன்று அவள் ஓரத்தில் கோடு போடவில்லை. மச்சத்தின் மேல் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள்.

“இன்னொரு தடவ,” என்றாள்.