ஆறு மணி நோயாளி

அந்த டாக்டர் எங்கள் மூன்று பேரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசவே இல்லை. முதலில் அம்மா, அப்புறம் அப்பா, கடைசியில் நான் என்று தனித்தனியாக உள்ளே கூப்பிட்டார்.

எனக்கு அப்போது பத்து வயது. எடை ஐம்பத்தெட்டு கிலோ. பள்ளிக்கூடத்தில் என் பெயர் 'பூசணி'. அதற்கு முன் பார்த்த டாக்டர், "ஓடு, குதி, வாயைக் கட்டு" என்று ஒரு பக்கத்துக்கு அட்டவணை எழுதிக் கொடுத்து விரட்டியிருந்தார். ஓடினால் வகுப்பே சிரித்தது. வாயைக் கட்டச் சொன்னதில் ஒளித்து வைத்துத் தின்னக் கற்றுக்கொண்டதுதான் மிச்சம். எடை பார்க்கும் மெஷினைக் கண்டாலே அழுகை முட்டும்.

இவர் மெஷின் பக்கமே என்னைக் கூப்பிடவில்லை. நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"உங்க அப்பாவைப் பத்தி ஒரு விஷயம். அவர்கிட்ட மூச்சு விடக் கூடாது."

"அப்பாவுக்கு என்ன?"

"பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா தினம் முக்கால் மணி நேரம் நடக்கணும். இனிப்பு, எண்ணெயில பொரிச்சது எல்லாம் குறைக்கணும். நான் சொன்னா கேக்கற ஆள் இல்ல. நீ 'எனக்காக வாங்கப்பா'ன்னு கூப்பிட்டா வருவார். உன்னால முடியுமா?"

முடியும் என்று வேகமாகத் தலையாட்டினேன். அதுவரை என்னை நம்பி யாரும் எதையும் ஒப்படைத்ததில்லை.

வீடு வந்து சேரும்வரை அம்மா பொரிந்து தள்ளினாள்.

"குழந்தைக்கு வைத்தியம் பாருங்கன்னு போனா, ஒரு மருந்து இல்ல, மாத்திரை இல்ல! இவரெல்லாம் ஒரு டாக்டரா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டே வந்தார். நோயாளி, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து சாயங்காலம் ஆறு அடித்தால் அப்பாவின் செருப்பை எடுத்து வாசலில் போட்டுவிடுவேன்.

"இன்னைக்கு ஒரு நாள் விட்டுடேன், குட்டி. கால் வலிக்குது."

"வலிக்கட்டும். கிளம்புங்கப்பா."

தபால் ஆபீஸ், மரக்கடை, மேட்டில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி, திரும்ப வீடு. மேடு ஏறும்போது அப்பாவுக்கு மூச்சு வாங்கும். எனக்கும்தான். ஆனால் பொறுப்பில் இருப்பவள் உட்கார முடியுமா? அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஏறுவேன். இறங்கும்போது ஆபீஸ் கதையெல்லாம் சொல்வார். அவருடைய மேனேஜர் எப்படித் தும்முவார் என்று நடுத்தெருவில் நின்று தும்மிக் காட்டுவார். அந்த முக்கால் மணி நேரம் அப்பா எனக்கே எனக்கு.

பிஸ்கட் டப்பாவை நானே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். நான் தின்பதைப் பார்த்தால் அவருக்கு ஆசை வருமே! சாப்பாட்டில் அவர் இரண்டாம் தடவை வறுவல் கேட்டால், "போதும்ப்பா" என்று தட்டை நகர்த்துவேன்.

ஊரிலிருந்து வந்த அத்தை மோவாயில் கை வைத்தாள். "பெத்த அப்பனையே இந்த மிரட்டு மிரட்டுது! நல்லா வளர்த்திருக்கீங்க."

சொல்லட்டும். அத்தைக்கு என்ன தெரியும்?

ஒன்றரை வருடம் இப்படிப் போனது. ஒரு நாள் பள்ளிக்கூடப் பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவியபோதுதான் என் உடம்பு எனக்கு ஞாபகம் வந்தது. வளர்ந்திருந்தேன், பெருக்கவில்லை. 'பூசணி' என்று கூப்பிடுவதை எப்போது நிறுத்தினார்கள் என்றுகூட நான் கவனிக்கவில்லை.

முப்பது வருடம் ஓடிவிட்டது. அப்பாவுக்கு எழுபத்திரண்டு. இன்னமும் நடக்கிறார். போன வாரம் அந்த டாக்டர் இறந்துபோன செய்தி வந்தது. சாப்பாட்டு மேஜையில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். இனி யாருக்காக மறைக்க வேண்டும் என்று ரகசியத்தை உடைத்துவிட்டேன்.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"அடி அசடே! எனக்கென்ன வியாதி? கல்லு மாதிரி இருந்தேன். 'உங்க பொண்ணு தனக்காக நடக்க மாட்டா, உங்களுக்காகன்னா நடப்பா. கொஞ்ச நாள் நோயாளி மாதிரி நடிங்க'ன்னு அவர்தான் என்கிட்ட சொன்னார். அந்த மேட்டுல உனக்காக எப்படியெல்லாம் மூச்சு வாங்கிக் காட்டினேன், தெரியுமா?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் காப்பாற்றியதாக நினைத்திருந்த மனுஷன், என்னைக் காப்பாற்றியிருக்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தட்டை நகர்த்தி வைத்தாள்.

"இவளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போன அந்த மாசம் உங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் ரத்தம் எடுத்துச் சோதிச்சாங்களே, ஞாபகம் இருக்கா? ரிசல்ட் வந்த கவரை நீங்க பிரிக்கக்கூட இல்ல. நான்தான் பிரிச்சேன். சர்க்கரை எக்கச்சக்கமா இருந்துச்சு. டாக்டர்கிட்ட காட்டினேன். 'இவரை உடனே நடக்க வைக்கணும்'னார்."

அப்பா சிரிப்பை நிறுத்தினார்.

"'தனக்காக அவர் தெருமுனை வரைக்கும்கூட நடக்க மாட்டார், பொண்ணுக்காகன்னா எவ்வளவு தூரமும் நடப்பார்'னு நான்தான் அவர்கிட்ட சொன்னேன். அன்னைக்கு வழியெல்லாம் அவரைத் திட்டினதும் நடிப்புத்தான்."

"அப்போ நான் நடிச்சது...?"

அம்மா அவர் தோளில் கை வைத்தாள்.

"நீங்க ஒரு நாள்கூட நடிக்கலீங்க."