மூன்றாவது சைலன்சர்

மூன்றாவது சைலன்சரும் பொருத்தோடு கிழிந்து, வாயைப் பிளந்துகொண்டு என் மேசையில் கிடந்தது.

காரின் சொந்தக்காரர் சோமசேகரம், கராஜ் வாங்குப் பலகையில் இருந்து திராட்சைப்பழம் தின்றுகொண்டிருந்தார். கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். கொழும்பில் தேடிப் பிடித்து வாங்கிய அறுபத்தாறாம் ஆண்டுச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில், பின்னேரம் ஐந்து மணிக்குக் கரவெட்டியை ஒரு சுற்றுச் சுற்றாவிட்டால் அவருக்கு இரவுச் சாப்பாடு இறங்காது.

பழம் ஏது என்று கேட்டால், யாரோ வீட்டு வாசல் படலையில் கொழுவிவிட்டுப் போகிறார்கள் என்பார். முன்பெல்லாம் விதையை என் கராஜ் நிலம் முழுக்கத் துப்புவார். கொஞ்ச நாளாக விதையில்லாப் பழம் வருகிறது. அந்த அளவில் எனக்குக் கூட்டுகிற வேலை மிச்சம்.

ஆனால் எரிச்சல் போகவில்லை.

எஞ்சினுக்குள் எரியவேண்டிய பெற்றோல் எரியாமல் சைலன்சருக்குள் போய், அங்கே பற்றினால்தான் இப்படி வெடிக்கும். ஏன் போகிறது? பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். பிஸ்கற் நிறம், குறை சொல்ல இடமில்லை. டைமிங் சரி. காபரேற்றர் சரி. குழாய் மூட்டுகளில் கசிவு இல்லை. இரண்டு முறை பார்த்தாயிற்று, மூன்றாம் முறையும் பார்த்தேன்.

இன்னும் நாலு வெடி வெடித்தால் எஞ்சின் வால்வும் போய்விடும். அந்த வால்வு இலங்கை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. அதன்பிறகு கார் கோழி அடைக்கத்தான் உதவும். என் பெயரும் அதோடு கெட்டுப்போகும்.

"ஓடேக்கை பாத்தாத்தான் தெரியும் ஐயா. நானும் வாறன்" என்று புது சைலன்சரைப் பூட்டிவிட்டு ஏறிக்கொண்டேன்.

ஏறினேன் என்பதைவிட இறங்கினேன் என்பதே சரி. அவ்வளவு பதிந்த கார். உள்ளே இருந்தால் இரண்டு பக்கமும் கிடுகு வேலி தெரியும், அதற்கு மேலே வானம் தெரியும், வேறொன்றும் தெரியாது.

எஞ்சின் ஒரு முறைப்பாடும் இல்லாமல் ஓடியது.

ஒரு ஒழுங்கை வளைவில் அவருடைய இடக்கை மெல்லத் திறப்புக்குப் போனது. ஓடுகிற காரில், கியரையும் விடாமல், திறப்பைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். வாய்க்குள் இரண்டு எண்ணினார். மறுபடி திருப்பினார்.

டமார்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கிளி, மைனா, புலுனி எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

எனக்குக் கெட்ட கோபம் வந்தது. பெற்றோலைத் தானே சைலன்சருக்குள் நிரப்பித் தானே கொளுத்துகிறார். அதுவும் ஒரு எஞ்சினியர்.

பிறகுதான் அது யாருடைய வேலி என்று நினைவு வந்தது. உள்ளே இருப்பது அவருடைய தங்கை சின்னத்தங்கத்தின் திராட்சைப் பந்தல். கிணற்றுப் பங்கில் சண்டைபட்டு ஒன்பது வருடமாக இரண்டு பேருக்கும் கதைபேச்சில்லை. கலியாண வீட்டில் ஒருவர் பந்தியில் இருந்தால் மற்றவர் சாப்பிடாமலே வீட்டுக்குப் போய்விடுவார்.

"குருவியள் அவளின்ரை பழத்தை விட்டுவைக்குதுகளில்லை" என்றார், ரோட்டைப் பார்த்தபடி. "ஆருக்கும் சொல்லிப்போடாதை."

வால்வைப் பற்றி விளக்கமாகச் சொன்னேன். அவருக்குத் தெரியாததல்ல. ஸ்ரியரிங்கைத் தடவிக்கொண்டே கேட்டார். அடுத்த நாளிலிருந்து கார் சத்தமில்லாமல் போய்வந்தது.

ஆறாம் நாள் சின்னத்தங்கம் அக்கா கராஜ் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பை திராட்சை.

"தம்பி, உந்தச் சிவப்புக் காருக்கு என்ன நடந்தது? அஞ்சாறு நாளா வெடியைக் காணேல்லை."

திருத்தியாயிற்று, இனி வெடித்தால் கார் தப்பாது என்றேன். பந்தலில் குருவித் தொல்லை கூடிவிட்டதோ என்றும் கேட்டேன்.

"பந்தலிலை எங்கை பழம்? கொடி கத்தரிச்சு ரண்டு மாசம். குருவியள் நிக்கிறது பக்கத்து மாமரத்திலை." கையிலிருந்த பையைப் பார்த்தார். "இது நெல்லியடிச் சந்தையிலை வாங்கினது. பழம் முடிஞ்சுதெண்டு தெரிஞ்சால் அந்த மனுசன் வெடிக்கிறதை விட்டிடும்."

விதையில்லாப் பழத்தின் ஊர் அப்போதுதான் விளங்கியது. இந்த இரண்டு பிடிவாதக்காரரிலும் எனக்கு அப்படியொரு விருப்பம் வந்தது.

மேசை லாச்சியை இழுத்தேன். வருடப்பிறப்புக்கு வாங்கி மிஞ்சிய சீனவெடிக் கட்டு ஒன்று கிடந்தது. அதையும் ஒரு நெருப்புப்பெட்டியையும் திராட்சைக்கு மேல் வைத்து, கார் ஐந்து மணிக்கு வளைவுக்கு வரும் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் ஐந்தே காலுக்கு ஃபோன் அடித்தது.

"கேதீஸ், பிறகும் வெடிச்சிட்டுதடா. சத்தியமா நான் திறப்பிலை கை வைக்கேல்லை. பொனற்றைத் திறந்துபோட்டு நிக்கிறன்."

எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் வாய் திறக்குமுன் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அண்ணை, தேத்தண்ணி ஆறுது."

பெரிய பழுதுபோலத் தெரிகிறது, நான் வரும்வரைக்கும் ஸ்ரார்ட் பண்ணவேண்டாம் என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன்.

இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் புறப்பட்டேன். ஒரு ஸ்பானர்கூட எடுத்துப்போகவில்லை.